வெளுத்துப்போன கறுப்பு பிளாஸ்டிக்: வாசகர் கேள்விகள்

கேள்வி: காரின் பம்பர், கதவோரப் பட்டை எல்லாம் சாம்பல் பூத்துவிட்டன. வெயிலில் சாயம் போய்விட்டதா?

சாயம் போகவில்லை. பெயின்ட் அடிக்காத இந்தப் பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் வகை பிளாஸ்டிக். அதற்குக் கறுப்பைத் தரும் கார்பன் கரி வெயிலுக்கு அசராது. புற ஊதாக் கதிர் சிதைப்பது பிளாஸ்டிக்கைத்தான். மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வெடித்துப் பொடிந்துபோகிறது. ஒளி அங்கே சிதறுவதால் வெளுப்பாகத் தெரிகிறது. ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். தண்ணீர் அந்த வெடிப்புகளில் நிற்கும்வரை நல்ல கறுப்பு, காய்ந்ததும் பழையபடி சாம்பல். நிறத்தை மீட்கப் பூசும் பொருள்கள் பலவும் அந்தத் தண்ணீரின் வேலையைத்தான் செய்கின்றன. எவ்வளவு காலம் நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

கேள்வி: பளபளப்புத் திரவம் பூசினேன். இரண்டு மழையில் போய்விட்டது. நிலைக்கிற மாதிரி எதுவும் இல்லையா?

நீங்கள் பூசியது சிலிகான் எண்ணெய் கலந்ததாக இருக்கும். அது மேலே சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவக் கழுவப் போய்விடும். காய்ந்து இறுகும் டிரிம் கோட்டிங் (இந்த மாதிரி பிளாஸ்டிக் பாகங்களுக்கான பூச்சு) வாங்குங்கள். வெளுப்பு அதிகமென்றால் கறுப்பு நிறமி சேர்த்த வகை நல்லது.

ஆனால் பொருளைவிட முக்கியம், பூசுவதற்கு முன் செய்யும் சுத்தம். அதில் மட்டும் அவசரப்படாதீர்கள். பழைய எண்ணெய்ப் பூச்சின்மேல் எந்தக் கோட்டிங்கும் பிடிக்காது. பிளாஸ்டிக்குக்கு ஏற்ற கிளீனரைத் தெளித்து, சொரசொரப்பான வரிகளுக்குள் இறங்குகிற மாதிரி பிரஷ்ஷால் தேயுங்கள். கழுவும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் போகவில்லை, மறுபடி தேயுங்கள். இடுக்குகள்கூட நன்றாகக் காய்ந்த பிறகு, தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள். பக்கத்துப் பெயின்ட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அப்புறம் நிழலில், தொட்டால் சுடாத பரப்பில், சின்னப் பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி, மிச்சத்தை உடனே ஒற்றி எடுங்கள். விட்டால் திட்டுத்திட்டாகக் காயும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம்வரை தண்ணீர் படக்கூடாது.

கேள்வி: ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டினால் புதுசு மாதிரி ஆகிறதே, அதையே செய்யலாமா?

கறுப்பு திரும்பும், உண்மைதான். பொடிந்த மேல்பரப்பு லேசாக உருகிச் சமமாகிறது. ஆனால் பாலிபுரோப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஹீட் கன்னோ 500 டிகிரியைத் தாண்டும். ஒரே இடத்தில் சற்று நின்றாலும் சொரசொரப்பு அழிந்து வழுவழுவென்று தழும்பு விழும், பட்டையே வளையும். வெயிலிலிருந்து புதிதாகப் பாதுகாப்பும் கிடைக்காது, மறுபடி வெளுக்கும். திரும்பத் திரும்பச் செய்யவும் முடியாது. பழகாத கைக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: வாக்ஸ் போட்டபோது பட்டையில் பட்டு வெள்ளைக் கறையாகிவிட்டது.

வரிகளுக்குள் வாக்ஸ் காய்ந்திருக்கிறது. பென்சில் ரப்பரால் அழித்துப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷும் கிளீனரும்.

கேள்வி: பேசாமல் கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் அடித்துவிட்டால்?

ஆழமாகக் கீறிய, திட்டுத்திட்டாக நிறம் மாறிய பட்டைக்கு மட்டும், கடைசி வழியாக. பாலிபுரோப்பிலீனில் பெயின்ட் லேசில் பிடிக்காது. அந்த வகை பிளாஸ்டிக்குக்கென்றே இருக்கும் ஒட்டுப் பிரைமரை முதலில் அடித்து, பிறகு பெயின்ட்டை மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். பிரைமரை விட்டால் ஏடு ஏடாக உரியும். உரிந்த பட்டையை விட வெளுத்த பட்டையே பார்க்க மேல்.

கேள்வி: மங்கிய ஹெட்லைட்டுக்கும் இதே கோட்டிங் போதுமா?

போதாது. அது பாலிகார்பனேட் என்ற வேறு வகை பிளாஸ்டிக். மஞ்சளான மேல்பூச்சைத் தேய்த்து எடுத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிவான பூச்சு புதிதாகப் போட வேண்டும்.