மொரீஷியஸ் காடுகளில் மான் வேட்டை பழங்காலப் பாரம்பரியமா? அதில் தமிழர்களுக்குப் பங்கு உண்டா?

கேள்வியைப் பார்த்தால் ஏதோ சுற்றுலா விளம்பரத்தைப் படித்துவிட்டுக் கேட்கிற மாதிரி இருக்கிறது. பாரம்பரியம்தான், ஆனால் யாருடைய பாரம்பரியம் என்று அடுத்த கேள்வியும் கேட்டிருக்கலாம்.

முதலில், இந்தத் தீவில் ஆதியில் மானே இருந்ததில்லை. மனிதன் வருவதற்கு முன் நிலத்தில் இருந்த பாலூட்டி வௌவால் மட்டும்தான். 1639-இல் அட்ரியான் வான் டெர் ஸ்டெல் என்ற டச்சு ஆளுநர் சாவகத் தீவின் பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) கப்பலில் கொண்டுவந்து இறக்கியதுதான் இந்தச் சாவக மான். டச்சுக்காரர்கள் 1710-இல் மூட்டை கட்டிவிட்டார்கள், மான் தங்கிவிட்டது. அப்புறம் வந்த பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இதே காடுகளில் மானை மட்டுமா துரத்தினார்கள்? ஓடிப்போன அடிமைகளையும் துரத்தினார்கள், பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொன்னே அதற்கென்றே ஆட்களை வைத்திருந்தார். விளம்பரத்தில் அதைப் போட மாட்டார்கள். 1810-இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்த பிறகும் நிலம் பழைய முதலாளிகளிடமே இருந்தது. கரும்பு போக மிஞ்சிய மலைச்சரிவும் புதர்க்காடும் அவர்களுக்கு ஷாஸே, அதாவது வேட்டைக்கென்று ஒதுக்கிய இடம். அரசாங்கக் காட்டையும் இதற்காகக் குத்தகைக்கு விட்டார்கள், இன்றும் விடுகிறார்கள்.

நம்முடைய பங்கு என்றால், துப்பாக்கி அவர்களிடம், புதர் நம்மிடம். 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் வாரம் முழுக்கக் கரும்பு வெட்டிவிட்டு, பருவம் வந்தால் மான் விரட்டப் போவார்கள். என் அப்பாவும் போனார். பதினாறு பதினேழு வயதில் நானும் கூடப் போயிருக்கிறேன். துரைமார் மிராடோர் என்கிற மரப் பரண்களில் காப்பி குடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் ஜூலைக் குளிரில் வரிசையாக நின்று, நாய்களோடு கத்திக்கொண்டே, கை காலைக் கீறுகிற சீனக் கொய்யாப் புதருக்குள் நுழைந்து மானை அவர்கள் பக்கம் ஓட்ட வேண்டும். மான் எந்தப் பக்கம் திரும்பும் என்பது காற்றைப் பார்த்தே அப்பாவுக்குத் தெரியும், பரண்மேல் இருப்பவருக்கு முன்னால் வருவது மட்டும்தான் தெரியும்.

ஒரு தடவை பெரிய கொம்பன் ஒன்று விழுந்தது. பக்கத்துப் பக்கத்துப் பரண்களில் இருந்த இரண்டு பேரும் என் குண்டு, என் குண்டு என்று சண்டை. கிட்டத்தில் நின்றவர் அப்பா என்பதால் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்பா மானைச் சுற்றி ஒரு நடை நடந்து, காயத்தைத் தொட்டுப் பார்த்து, ரொம்ப யோசித்து, "உங்களுடையதுதான் மிஸ்யே" என்று வயதான துரையைக் காட்டினார். தாராளமாக டிப்ஸ் தருகிறவர் அவர்தான். அந்தக் கொம்பு இன்னும் ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் அவர் பெயரோடு இருக்கும். திரும்பி நடக்கும்போது யார் சுட்டது என்று நான் கேட்டதற்கு அப்பா, "கறி நல்லா இருக்கும்" என்றார், அவ்வளவுதான்.

உடனே யாராவது "உயிரைக் கொல்வதைப் பெருமையாகச் சொல்கிறீர்களே" என்று கமெண்ட் போட வருவீர்கள். புரட்டாசியில் கோவிந்தன் விரதத்துக்கு எங்கள் வீட்டில் முட்டைகூட வராது, பருவத்தின் கடைசி வேட்டை இறைச்சி அப்போதுதான் வரும் என்பதால் அது பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஆகவே பாடம் எடுக்க வேண்டாம். இங்கே புலி சிறுத்தை எதுவும் இல்லை. மானை அப்படியே விட்டால் காட்டின் இளஞ்செடிகளை மொட்டையடித்துவிடும். கெடாத பழைய காடு தீவில் இரண்டு சதவீதம்கூட மிச்சமில்லை, மிச்சமிருந்ததைக் காக்கத்தான் 1994-இல் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா வந்தது. சொந்த ஊரான சாவகத்திலேயே இந்த மான் அருகி வருகிறது, இங்கே கூட்டம் கூட்டமாக மேய்கிறது, அதுவும் உண்மைதான்.

காடு பரவாயில்லை, அங்கே வேலி கண்ணுக்குத் தெரிகிறது. கடற்கரைதான் எனக்கு எரிச்சல். 1807-இல் பிரெஞ்சு ஆளுநர் தெக்கான் போட்ட சட்டப்படி கரையோரம் 250 பிரெஞ்சு அடி, ஏறக்குறைய 81 மீட்டர், அரசாங்கத்துச் சொத்து. விற்க முடியாது, குத்தகைக்கு விடலாம். அந்தக் குத்தகையில் வரிசையாக ஓட்டல்கள். அலை அடிக்கிற மணல் எல்லோருக்கும் பொது என்று சட்டம் இருந்தும், போன வருஷம் என் மச்சான் தூண்டில் போட உட்கார்ந்ததும் ஒரு ஓட்டல் காவலாள் வந்து விருந்தினர்களுக்கு இடைஞ்சல் என்று எழுப்பிவிட்டான். அவனும் நம்ம பையன்தான், அதுதான் இன்னும் கடுப்பு.

சரி, நீங்கள் மானைக் கேட்டீர்கள். உள்ளூர் பருவம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. வேட்டை வேண்டாம், சாப்பிட்டால் போதும் என்றால் சிவப்பு ஒயினில் செய்கிற சல்மி என்கிற மான் கறி கேளுங்கள். வேட்டைக்குத்தான் போவேன் என்றால் டிப்ஸை அலுவலகத்தில் கொடுக்காதீர்கள், விரட்டுகிறவர்கள் கையில் கொடுங்கள்.