எழுத்து தடுமாறுகிறது, எழுதலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது. கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் பால் அளக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வீட்டில் பேசுவது தமிழ், படித்ததெல்லாம் மலையாளம். கதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இப்போது உட்கார்ந்தால் எங்கே ‘ந’, எங்கே ‘ன’ என்றே தெரியவில்லை. பாதி வார்த்தையில் மலையாள எழுத்து வந்து விழுகிறது. “இந்த வயசுல எதுக்குங்க அத்தை இதெல்லாம்?” என்கிறாள் மருமகள். விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: மருமகள் பேச்சை இப்போதைக்கு விடுங்கள் அம்மா. இரண்டு கதை வந்தால் அவரே கேட்டு வாங்கிப் படிப்பார். படிக்காவிட்டாலும் குடிமுழுகிப் போகாது.

வயதைவிட எழுத்துக்குத்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள். எழுத்தாளர் தோப்பில் முகமது மீரானுக்கும் இதே சிக்கல் இருந்தது. அவர் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம். 1956 வரை அது திருவிதாங்கூர்ப் பக்கம். பள்ளியில் படித்தது மலையாளம். அதனால் தமிழ்க் கதையை மலையாள எழுத்தில் எழுதி, தெரிந்தவர்களை வைத்துத் தமிழ் எழுத்துக்கு மாற்றிக்கொண்டார். பிழைப்புக்கு வத்தல் வியாபாரம். 1988-ல் முதல் நாவல் புத்தகமாக வந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. 1997-ல் சாகித்திய அகாதமி விருதே வந்தது.

அப்புறம், கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். விடியற்காலை கேனோடு வரிசையில் நிற்பவர்களில் யார் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பது, லாக்டோமீட்டரைப் போடும் முன்பே முகத்தில் தெரிந்துவிடும். சிலருடைய வீட்டுக் கஷ்டம் தெரிந்து, ஒன்றும் சொல்லாமல் அளந்துகொண்டேன் என்று. இதைப் போய் ஓரத்தில் எழுதுவார்களா! யாருக்கு விட்டுக்கொடுத்தீர்கள், யாரைத் திருப்பி அனுப்பினீர்கள், பின்னால் நின்றவர் அதைப் பார்த்து என்ன சொன்னார்? முதல் கதைக்கு இது போதும். பத்திரிகைத் தமிழ் வேண்டாம். உங்கள் ஊர்ப் பேச்சு, நடுவே மலையாளம் கலந்தால் கலந்தபடியே வரட்டும்.

போனில் பேசினால் அதுவே தட்டச்சு செய்துகொள்ளும் என்று யாராவது சொல்வார்கள். எல்லை ஊர்ப் பேச்சை அது படுத்தும் பாட்டில் உங்களுக்கு எழுதும் ஆசையே போய்விடும். நோட்டே போதும். ‘ந’வா ‘ன’வா என்று நடுவில் நிறுத்திப் பார்க்காதீர்கள், அதைத் திருத்த ஆள் கிடைக்கும். கதை முடிந்ததும் எங்களுக்கு அனுப்புங்கள். முழுக்க மலையாள எழுத்தில் இருந்தாலும் சரி, இங்கே படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்.