டெண்டருக்கு முன்னாடியே போய் நில்லுங்க

கேள்வி: சார், எங்க லேஅவுட்ல பார்க்குக்குன்னு விட்ட இடம் வருஷக்கணக்கா முள்ளு மண்டிக் கிடக்கு. இப்போ பார்க் வரப்போகுதாம், ஆனா எப்படி வரணும்னு எங்க யாருகிட்டயும் கேக்கல. நாங்க தலையிட முடியுமா? - வாசகி, சென்னை புறநகர்

பதில்: தாராளமா முடியும்மா, ஆனா டெண்டர் விடுறதுக்கு முன்னாடி தலையிடணும். வேலை ஆரம்பிச்சப்புறம் போனா "எஸ்டிமேட்ல இல்லையே"ன்னு முடிச்சிடுவாங்க. அந்த இடம் யாரும் இனாமா குடுத்ததில்ல, 10,000 சதுர மீட்டருக்கு மேல உள்ள மனைப்பிரிவுல 10 சதவீதம் ஓஎஸ்ஆர் நிலமா, அதாவது பொதுப் பயன்பாட்டுக்கான திறந்தவெளி இடமா, உள்ளாட்சிக்கு எழுதிக் குடுத்தே ஆகணும், அந்த விலையும் நீங்க மனை வாங்கின காசுலதான் சேர்ந்திருக்கும். அதனால தயங்காம கேளுங்க.

கேக்க வேண்டிய இடம் ஏரியா சபா, அதாவது நகர்ப்புற வார்டுல பகுதி வாரியா மக்கள் கூடிப் பேசுற கூட்டம். 2022-ல விதி வந்தாச்சு, அந்தப் பகுதி வாக்காளர் எல்லாருமே அதுல மெம்பர். அதுக்குப் போறதுக்கு முன்னாடி யாருக்கு என்ன வேணும்னு தெரு தெருவா கேட்டு எழுதிக்கோங்க, அசோசியேஷன் மீட்டிங்குக்கு வர்றவங்ககிட்ட மட்டும் கேட்டா வாக்கிங் டிராக்கும் பேவர் பிளாக்கும்தான் வரும். அங்க இப்போ கிரிக்கெட் ஆடுற பசங்க, மத்தியானம் நிழல் தேடுற வீட்டுவேலைக்காரம்மா, டெலிவரி தம்பிங்க, இவங்களையும் கேளுங்க. நிறைய பார்க் பகல் முழுக்க பூட்டியே கிடக்குறது எனக்கு ரொம்ப வருத்தம், அதனால திறக்குற நேரம், பெண்களுக்கு டாய்லெட், லைட், வேம்பு புங்கன்னு நிழல் மரம், எல்லாத்தையும் மனுவா எழுதிக் குடுத்து ஒப்புகை வாங்கிடுங்க.

காசும் போடத் தயார்னா நமக்கு நாமே திட்டம் இருக்கு, மக்கள் மூணுல ஒரு பங்கு போட்டா மீதியை அரசு போடும். ஆனா காசு போட்டவங்களுக்கு மட்டும்தான் பார்க்னு ஆகிடக்கூடாது, அதுல கண்டிப்பா இருங்க. பராமரிப்புல சருகை எரிக்காம குழில போட்டு உரமாக்குறது, உடைஞ்ச ஊஞ்சலை உடனே புகார் பண்றது, இதையெல்லாம் தெருவுக்கு ரெண்டு பேர் முறை வச்சு பாத்துக்கலாம்.

கேள்வி: பார்க் இடத்தை வேற எதுக்காவது மாத்திட்டா?

பதில்: விடாதீங்க. பெங்களூர் ராஜ்மஹால் விலாஸ் எக்ஸ்டென்ஷன்ல பார்க் இடத்தை தனியார் ஆஸ்பத்திரிக்கு ஒதுக்குனப்போ அக்கம்பக்கத்து ஜனங்களே கேஸ் போட்டாங்க, 1991-ல சுப்ரீம் கோர்ட் அந்த ஒதுக்கீடு செல்லாதுன்னு சொல்லிடுச்சு, வழக்கு போட அங்க குடியிருக்கிறவங்களுக்கு உரிமை இருக்குன்னும் சொல்லுச்சு. நீங்க இப்பவே ஆர்டிஐ போட்டு அப்ரூவ்டு பிளானும், அந்த இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக் குடுத்த தானப் பத்திரமும் நகல் வாங்கி வச்சிடுங்க.