சவர்த் தண்ணீரில் பொங்கல் கரும்பு: தை மாத அளவை நம்பி இறங்க வேண்டாம்

கேள்வி: "வெள்ளவத்தையில் இருக்கிறோம். பூநகரியில் அப்பாவின் காணி பத்துப் பரப்பு சும்மா கிடக்கிறது. மணல் கலந்த செம்மண். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர். பொங்கலுக்குப் போனபோது மீற்றர் வைத்துப் பார்த்தேன், 1900 காட்டியது. கொழும்புச் சந்தைக்குக் கரும்பு வைக்கலாமா?"

வைக்கலாம். ஆனால் அந்த 1900ஐ நம்பி வைக்காதீர்கள்.

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் தண்ணீரும் மண்ணும் பரிசோதிக்கிற வேலை எனக்கு. பொங்கல் முடிந்த கையோடு வடக்கிலிருந்து போத்தல் போத்தலாகத் தண்ணீர் வந்து சேரும். லீவுக்கு ஊருக்குப் போனவர்கள் இரவு பஸ்ஸில் திரும்பும்போது கையோடு கொண்டு வருவார்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்த மழையெல்லாம் இறங்கி, கிணறு நிறைந்து நிற்கிற நேரம் அது. வருடத்திலேயே தண்ணீர் நன்றாக இருக்கிற நேரத்தில்தான் நீங்களும் மீற்றரைப் போட்டிருக்கிறீர்கள். கரும்பு குடிக்கப் போவது அந்தத் தண்ணீரை அல்ல. தை, மாசியில் நட்ட கரும்பு உயரம் போடுவது வைகாசியிலிருந்து புரட்டாதி வரை. மழை இல்லாத அந்த மாதங்களில் கிணறு இறங்கி, சவர் ஏறியிருக்கும்.

ஏன் ஏறுகிறது என்றால், கரையோரக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டுதான் நிற்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு ஓர் அடி மேலே இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். அந்த மட்டம் அரை அடி இறங்கினால், காலப்போக்கில் உப்பு 20 அடி மேலே வந்துவிடும். அதற்கு மேல், பெரிய மோட்டர் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால் கிணற்றுக்கு நேர் கீழே இருக்கிற உப்பு உடனேயே எழும்பத் தொடங்கும். காலையில் குடிக்கிற மாதிரி இருந்த கிணறு பின்னேரம் வாயில் வைக்க முடியாமல் போவது இதனால்தான்.

ஆகவே புரட்டாதியில், மழைக்கு முன், யாரையாவது கொண்டு இரண்டு போத்தல் எடுப்பியுங்கள். மோட்டர் போட்டுச் சில நிமிடங்களில் ஒன்று, தோட்டத்துக்கு வழக்கமாக இறைக்கிற அளவு இறைத்து முடிகிற நேரம் ஒன்று. சோடாப் போத்தல் என்றாலும் பரவாயில்லை, ஆனால் அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசி, காற்று இடைவெளி இல்லாமல் கழுத்து வரை நிரப்பி மூட வேண்டும். ஒரேஞ்ச் வாசனையோடு வருகிற போத்தலை நாங்கள் திருப்பி அனுப்புவதுண்டு. உங்கள் மீற்றர் காட்டிய 1900 எந்த அலகு என்றும் பாருங்கள். மீன் தொட்டிக் கடைகளில் விற்கிற பேனா மீற்றர்கள் பலவற்றில் இரண்டு அலகுகள் உண்டு. ஒன்று பிபிஎம், லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்பது. மற்றது மைக்ரோ சீமன்ஸ், தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பது; உப்புக் கூடினால் அதுவும் கூடும். பிபிஎம் என்று காட்டியிருந்தால், மைக்ரோ சீமன்ஸ் கணக்கில் அது 1900 அல்ல. 3000 அல்லது அதற்கும் மேலே போகலாம். அப்படியென்றால் நாம் பேசுவது வேறு தண்ணீரைப் பற்றி.

மைக்ரோ சீமன்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். கரும்பு உப்பைக் கொஞ்சம்தான் தாங்கும். தண்ணீரின் கடத்துதிறன் 1100 வரை விளைச்சல் குறையாது. 2300இல் பத்தில் ஒரு பங்கு போகும். 4000இல் காற்பங்கு, 6800இல் பாதி. இவை உலக உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணையில் இருக்கிற அளவுகள். இதில் ஒரு நிபந்தனை உண்டு: விடுகிற தண்ணீரில் 15 முதல் 20 வீதம் வேருக்குக் கீழே வடிந்து போக வேண்டும். இந்த நிபந்தனையை விட்டுவிட்டு அளவை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு ஆதங்கமே அதுதான்.

கணக்கைப் பாருங்கள். 1900 என்றால் லீற்றருக்கு ஏறக்குறைய 1.2 கிராம் உப்பு. ஒரு பரப்புக்கு, அதாவது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்குக்கு, இரண்டு அங்குலத் தண்ணீர் விட்டால் 12,800 லீற்றர். அதாவது ஒவ்வொரு இறைப்புக்கும் பரப்புக்கு 15 கிலோ உப்பை நீங்களே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள். உங்கள் பத்துப் பரப்புக்கு 150 கிலோ, மூன்று மூட்டை. கரும்பு தண்ணீரைக் குடிக்கும், உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். வெயில் தண்ணீரை எடுக்கும், உப்பை எடுக்காது. அது போகக்கூடிய ஒரே வழி கீழே. அதனால் கிணற்றைப் பார்த்த கையோடு காணியில் மூன்றடிக் குழி ஒன்று வெட்டி, மழைக்காலத்தில் அதில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்று பாருங்கள். ஓரிரு நாளில் வற்றினால் உங்களுக்கு அதிர்ஷ்டம், மாரி மழை வருடா வருடம் உப்பைக் கழுவிக்கொண்டு போகும். கிழமைக்கணக்கில் நின்றால், அல்லது அடியில் களித்தட்டு இருந்தால், 1100 தண்ணீர்கூட அந்த மண்ணை நாலைந்து வருடத்தில் கெடுத்துவிடும். நல்ல வடிகால் உள்ள காணியில் 1900 தண்ணீரை வைத்துச் சமாளிப்பது இதைவிட எத்தனையோ மேல்.

மீற்றர் இல்லாமலே ஒன்று பார்க்கலாம். பக்கத்துக் காணியில் அதே மாதிரிக் கிணற்றில் சின்ன வெங்காயமும் மிளகாயும் சித்திரை, வைகாசியில் நன்றாக நிற்கின்றனவா? வெங்காயமும் மிளகாயும் கரும்பைவிட உப்புக்குப் பயந்த பயிர்கள். அவை நின்றால் கரும்பும் நிற்கும். அவற்றைக் கைவிட்டுவிட்டு அயலவர்கள் பீற்றூட் மட்டும் போடுகிறார்கள் என்றால் யோசியுங்கள். விளைச்சல் குறையத் தொடங்கும் முன் பீற்றூட் கரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் உப்புத் தாங்கும், அதற்கும் கொழும்பில் நல்ல சந்தை இருக்கிறது. கரும்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

இனி, நீங்கள் வைக்க நினைப்பது கடித்துத் தின்கிற கரும்பு. இதைப் பலர் யோசிப்பதில்லை. செவனகலவிலோ பெல்வத்தையிலோ சீனி ஆலைக்குப் போகிற கரும்புகள் காட்டு நாணல் இனத்தின் இரத்தம் கலந்தவை. கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனவிருத்தி நிலையம் அந்தக் கலப்பால் உருவாக்கிய கோ 205, 1918இல் வெளிவந்தது. வறட்சியையும் உப்பையும் ஓரளவு தாங்குகிற பலம் அங்கிருந்துதான் வருகிறது. பொங்கலுக்கு நாம் தேடுகிற தடித்த, சாறு கூடிய, மெதுவான கரும்பு அவ்வளவு முரடு அல்ல. மேலே சொன்ன அளவுகளை இதற்குக் கொஞ்சம் இறக்கியே எடுங்கள். விளைச்சலைப் போலவே ருசியும் அடிபடும். உப்பு மண்ணில் வளர்ந்த கரும்பின் சாற்றில் குளோரைட்டு ஏறும், இனிப்பு இறங்கும். முதல் கடியில் இனிக்கும், சக்கையைத் துப்பும்போது நாக்கின் ஓரத்தில் ஒரு சவர் நிற்கும். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகளில் கரும்பு வாங்குகிறவர்கள் கண்ணாலும் பார்ப்பார்கள். உப்பில் நின்ற கரும்பு கணு நெருங்கி, குட்டையாக இருக்கும். காலி வீதியோரம் சாத்தி வைத்தால் எடுபடாது.

வைப்பதென்றால் கவனிக்க வேண்டியவை சில. இளம் கரும்புக்குத்தான் உப்புக் கூடுதலாகச் சுடும். ஆகவே மாரி முடிந்த உடனே, மண் கழுவப்பட்டு ஈரமாக இருக்கும்போதே நட்டுவிடுங்கள். கரணையை, அதாவது நடுகிற கரும்புத் துண்டை, வரம்பின் உச்சியில் வைக்க வேண்டாம். வாய்க்காலில் விடுகிற தண்ணீர் வரம்பின் உச்சிக்கு ஏறிக் காயும்போது உப்பு அங்கேதான் வெள்ளையாகப் பூக்கும். பக்கச் சரிவிலோ அடியிலோ நடுங்கள். காய்ந்த தோகையைக் கொளுத்தாமல் நிலத்தில் பரப்பினால் ஆவியாவது குறையும், உப்பு மேலே வருவதும் குறையும். சொட்டு நீர் நல்லது, ஆனால் அதில் ஈரவட்டத்தின் விளிம்பில் உப்புச் சேரும். முதல் சிறுமழை அதை வேருக்குத் தள்ளிவிடும். மழை தூறுகிறதே என்று குழாயை மூடாமல், நல்ல மழை பிடிக்கும் வரை திறந்தே விடுங்கள். பொட்டாசுக்கு எம்ஓபி (பொட்டாசியம் குளோரைட்டு) போடாதீர்கள், அதிலும் குளோரைட்டுத்தான் இருக்கிறது. பொட்டாசியம் சல்பேற்று விலை கூட என்றாலும் உங்கள் காணிக்கு அதுதான் சரி. ஜிப்சம் போடச் சொல்லி ஆலோசனை வரும். அது சோடியம் பிடித்து இறுகிப்போன மண்ணுக்கான மருந்து, மண் பரிசோதனையில் சோடியம் கூடுதல் என்று வந்தால் மட்டும் போடுங்கள். மறுதாம்பு விடுகிற, அதாவது வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே அடுத்த பயிரை எடுக்கிற யோசனையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், அது நட்ட பயிரைவிட உப்புக்குச் சீக்கிரம் விழும்.

முதல் வருடம் பத்துப் பரப்பிலும் இறங்காமல் இரண்டு பரப்போடு தொடங்குவதுதான் என் ஆலோசனை. ஆடியில் ஒரு தரம் போய், முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் கருகியிருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்துப் பேசுங்கள், மண் மாதிரி எங்கே கொடுப்பது என்றும் அவர் சொல்வார். புரட்டாதி அளவுகள் இரண்டும் மண்ணின் கடத்துதிறனும் கையில் வந்ததும் இங்கேயே எழுதுங்கள். கழுவுவதற்கு எவ்வளவு தண்ணீர் கூட்டி விட வேண்டும் என்று உங்கள் காணிக்கே கணக்குப் போட்டுத் தருகிறேன்.