சாப்மனுக்கு அடித்தது யோகமா?

கேள்வி: இங்கிலாந்துக் கால்பந்து மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் ஆட்டக்காரராகப் பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை. அவருடைய ஆர்சனல் கிளப்பின் 'டபிள்யூ-எம்' வியூகமும் (ஆட்டக்காரர்களை W, M எழுத்து வடிவில் நிறுத்துவது) அந்த அணி ஆட்டக்காரர் சார்லி புக்கன் கொடுத்த யோசனை. 1925இல் ஆப்சைடு விதி மாறியது அவருக்கு அடித்த யோகம். இவரைப் போய் மேதை என்கிறீர்களே?

பதில்: முதல் இரண்டும் சரி. மூன்றாவதைத் தேதி பார்க்காமல் எழுதிவிட்டீர்கள்.

சாப்மன் யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளியின் மகன். கிளப் கிளப்பாக மாறி ஆடிய சுமாரான ஃபார்வர்ட்தான் (முன்வரிசை ஆட்டக்காரர்). 1907இல் நார்தாம்ப்டனுக்கு ஆடிக்கொண்டே மேலாளரும் ஆனார். கடைசி இடத்தில் கிடந்த அந்த அணி 1909இல் சதர்ன் லீக் பட்டம் வென்றது. பிறகு ஹடர்ஸ்ஃபீல்டுக்கு 1924, 1925 என அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்கள். இவை எல்லாம் பழைய விதியில் வந்தவை.

விதி மாற்றத்துக்கு வருவோம். அதுவரை, பந்து தட்டப்படும்போது முன்னால் நிற்கும் ஃபார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஆப்சைடு, அந்தத் தாக்குதல் செல்லாது. கடைசித் தடுப்பாளர்களான இரண்டு ஃபுல்பேக்குகளில் ஒருவர் முன்னே நகர்ந்தால் போதும், ஆப்சைடு. கணக்குத் தவறினாலும் பின்னால் இன்னொரு ஃபுல்பேக் காவல் இருப்பார். மூன்று இரண்டானதும் அந்தக் காவல் போயிற்று. ஒரு தப்படி பிசகினால் ஃபார்வர்டுக்கு எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். முதல் டிவிஷனில் ஒரு சீசனுக்கு 1,192 ஆக இருந்த கோல்கள் 1,703 ஆயின. இந்த யோகம் 22 அணிகளுக்கும் பொதுவாகத்தான் அடித்தது.

அந்த வருடம் சாப்மன் மேலாளராக வந்து சேர்ந்த ஆர்சனலையும் அது விடவில்லை. 1925 அக்டோபர் 3 அன்று நியூகாசிலிடம் 0-7 என்று உதை வாங்கியது. நடுக்களத்தின் மையத்தில் ஆடும் சென்டர்-ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து இரண்டு ஃபுல்பேக்குகளுக்கு நடுவே நிறுத்தலாம் என்று புக்கன் அப்போது வற்புறுத்தியது உண்மை. வேறு சில கிளப்புகளும் அதைச் செய்துபார்த்தன. சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில்தான். சென்டர்-ஹாஃப் பின்னே போனால் நடுக்களம் காலியாகும்; தடுத்த பந்தை வாங்கி முன்னே அனுப்ப ஆளிருக்காது. இன்சைடு ஃபார்வர்ட் (சென்டர்-ஃபார்வர்டுக்குப் பக்கத்தில் ஆடுபவர்) ஒருவர் இறங்கி வர வேண்டும். புக்கன் தானே வருவதாகச் சொன்னார். அவர் கோல் அடிக்க வேண்டியவர் என்று சாப்மன் மறுத்துவிட்டு, ரிசர்வ் அணியில் இருந்த ஆண்டி நீலை இறக்கினார். நீல் வேகமில்லாதவர், ஆனால் பந்தைக் காலடியில் நிறுத்தி இருபுறமும் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவர். இரண்டே நாளில் வெஸ்ட் ஹாமை 4-0 என்று வென்றார்கள்.

ஆனாலும் முதல் கோப்பைக்கு 1930 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் வியூகம் ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு இடத்துக்கும் ஏற்ற ஆளைப் பிடிப்பதுதான் ஐந்து வருட வேலை. தன் இடத்தைவிட்டு அசையாமல் எதிரணி சென்டர்-ஃபார்வர்டைக் கட்டிப்போட ஹெர்பி ராபர்ட்ஸ். விலை வெறும் 200 பவுண்டு. நீல் செய்த வேலைக்கு அலெக்ஸ் ஜேம்ஸ், 8,750 பவுண்டு. பிரெஸ்டன் கிளப்பில் கோல் அடித்துப் பழகிய ஜேம்ஸைப் பின்னால் நின்று பந்து வழங்கப் பழக்க மாதக்கணக்கானது. அவர் அனுப்பும் நீளப் பந்தைத் தொட்டதும் உள்பக்கமாக வெட்டிக் கோலை நோக்கி ஓட, இடது விங்கில் (களத்தின் இடது ஓரத்தில்) கிளிஃப் பாஸ்டின். இந்த ஏற்பாடு தடுப்பாட்டம் என்று திட்டியவர்கள் உண்டு. 1930-31இல் அது 42 ஆட்டங்களில் 127 கோல் அடித்து லீகை வென்றது.

இன்னும் ஒன்று. விதி மாறிய அந்த 1925-26 சீசனின் பட்டியலைப் பாருங்கள். முதலிடம், சாப்மன் உருவாக்கிவிட்டு வந்த ஹடர்ஸ்ஃபீல்டு. இரண்டாமிடம், முந்தைய வருடம் 20ஆம் இடத்தில் இருந்து அவர் கைக்கு வந்த ஆர்சனல்.