2.8 மி.மீ. யாருடைய பலகைக்கு?

கேள்வி: மரவேலை எனக்குப் பழக்கமானது. மேசை, அலமாரி எல்லாம் செய்திருக்கிறேன். இப்போது இரும்புத் தந்தி போட்ட கிட்டார் ஒன்றைக் கையாலேயே செய்ய ஆசைப்பட்டு, மேற்பலகைக்கு ஸ்ப்ரூஸ் மரமும், பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் ஈட்டி மரமும் வாங்கி வைத்திருக்கிறேன். என்னிடமுள்ள வரைபடம் மேற்பலகையை 2.8 மி.மீ. தடிமனுக்கு இழைக்கச் சொல்கிறது. இன்னொரு கையேடு, "தட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்" என்கிறது. எதை நம்புவது? ஈட்டியில் கை வைக்கவும் பயமாக இருக்கிறது. முதல் கிட்டாரை மலிவான மரத்தில் செய்து பார்த்துவிடலாமா?

பதில்: வரைபடம் பொய் சொல்லவில்லை. அதை வரைந்தவர் கையில் இருந்த பலகைக்கு 2.8 மி.மீ. பொருத்தமாக இருந்திருக்கும். உங்கள் கையில் இருப்பது வேறொரு மரம். ஒரே காட்டில், ஒரே இனத்தில், அடுத்தடுத்து நின்ற இரண்டு ஸ்ப்ரூஸ் மரங்களின் பலகைகள்கூட ஒன்றுபோல் வளைவதில்லை. ஆகவே அந்த எண்ணை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, முடிவை உங்கள் பலகையிடமே கேளுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்றால், ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப மாறுகிறது. தடிமனை 10 சதவீதம் குறைத்தால் எடை 10 சதவீதம்தான் குறையும்; விறைப்போ 27 சதவீதம் போய்விடும். 2.8-க்கும் 2.5-க்கும் இடையில் இருப்பது இழைப்புளியின் நாலைந்து ஓட்டம். அதற்குள் பலகையின் குணமே மாறிவிடும். இன்னொரு பக்கம், வழக்கமான இலேசான தந்தித் தொகுதியைப் பூட்டிச் சுருதி கூட்டினாலே ஆறு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும். விரல் நுனி தொட்டால் அதிரவும் வேண்டும். மேற்பலகையிடம் நாம் கேட்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள். கிட்டார் செய்பவரின் திறமையெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் காதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஒரு கிலோ எடைக்கல்லும் ஒரு காலிப்பரும் போதும்.

மேற்பலகையின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு பாதியையும் எல்லா இடத்திலும் ஒரே சீராக 3.5 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள், அகலத்தை 200 மி.மீ.க்கு வெட்டிக்கொள்ளுங்கள். மேசை மேல் இரண்டு உருண்டைக் கம்பிகளை 500 மி.மீ. இடைவெளியில் இணையாக வைத்து, பலகையை அவற்றின் மேல் நீளவாக்கில் கிடத்துங்கள். நட்ட நடுவில் குறுக்காக ஒரு மெல்லிய சட்டத்தை வைத்து, பலகையின் நடுப்புள்ளி எந்த உயரத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சட்டத்தின் மேல் எடைக்கல்லை வைத்து, நடுப்புள்ளி எவ்வளவு இறங்கியது என்று அளந்து பாருங்கள்.

நடுத்தரமான ஸ்ப்ரூஸ் என்றால் 3.2 மி.மீ. அளவுக்கு இறங்கும். உங்கள் வரைபடத்தின் 2.8 இப்படிப்பட்ட ஒரு பலகையை மனத்தில் வைத்துச் சொன்னது என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பலகை 4.5 மி.மீ. இறங்கினால் அது இளக்கமான மரம், 3.1 மி.மீ. தடிமனில் நிறுத்திக்கொள்ளுங்கள். 2.5 மி.மீ.தான் இறங்குகிறது என்றால் விறைப்பான மரம், 2.6 வரை துணிந்து இறங்கலாம். இடைப்பட்ட அளவு வந்தால், உங்கள் இறக்கத்தை 3.2-ஆல் வகுத்து, அதன் கனமூலத்தை 2.8-ஆல் பெருக்குங்கள். கிடைப்பதுதான் உங்கள் தடிமன். ஓர் எச்சரிக்கை: சோதனையின்போது தடிமனில் 0.1 மி.மீ. பிசகினால் இறக்கத்தின் அளவு ஏறத்தாழ 9 சதவீதம் பொய்யாகிவிடும். ஆகவே ஓரத்தில் மட்டும் காலிப்பரை வைத்துப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். நடுவிலும் அளக்க வழிசெய்துகொள்ளுங்கள்.

கையோடு பலகையை எடையும் போட்டுவிடுங்கள். 550 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம், 3.5 மி.மீ. தடிமன் கொண்ட நல்ல ஸ்ப்ரூஸ் பாதி சுமார் 160 கிராம் இருக்கும். 185-ஐத் தொட்டால் விறைப்பு இருந்தும் பாரமான பலகை. இளக்கமான பலகை கிடைத்தவர்கள் மனம் தளர வேண்டாம். அது எடையிலும் இலேசாக இருந்தால், கொஞ்சம் தடிமனாக விட்ட பிறகும் மொத்தத்தில் விறைப்பான பலகையைவிடக் குறைந்த எடையிலேயே முடியும். சிடார் மேற்பலகையைச் சற்றுத் தடிமனாகவே விடுவதன் காரணமும் இதுதான்.

இனி அந்தத் தட்டிப் பார்க்கும் விஷயம். பலகையை ஒரு முனைக்குச் சற்றுக் கீழே இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் நடுவில் தட்டினால் ஒரு நாதம் எழும். இழைக்க இழைக்க அந்தச் சுருதி இறங்கும், நாதம் நீளும். அனுபவசாலிகள் இதைக் கேட்டே நிறுத்துகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் காதுக்குப் பின்னால் நூறு பலகைகளின் நினைவு இருக்கிறது. முதல் கிட்டார் செய்பவருக்கு ஒப்பிட எதுவும் இல்லாதபோது தட்டிக் கேட்பது கிட்டத்தட்ட ஜோசியம். தட்டுங்கள், தவறில்லை. கேட்டதை எடைக்கல் சொன்ன அளவுக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள். இரண்டாவது கிட்டாருக்கு அது உதவும்.

மேற்பலகையில் கண்ணால் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்கள் பலகைப் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கின்றனவா என்பது. அவை சாயச் சாயக் குறுக்குவாட்டு விறைப்பு மளமளவென்று குறையும். ஈரத்துக்கு விரிந்து சுருங்குவதும் கூடும். இன்னொன்று, நார்கள் பரப்புக்கு இணையாக ஓடுகின்றனவா, அல்லது பலகைக்குள் நுழைந்து வெளியேறுகின்றனவா என்பது. ஒட்டி முடித்த மேற்பலகையைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு பாதி வெளிர்த்தும் மறுபாதி கறுத்தும் தெரிந்தால், திருப்பிப் பிடித்தால் அது இடம் மாறினால், நார் பரப்பை வெட்டிக்கொண்டு ஓடுகிறது என்று பொருள். லேசாக இருந்தால் பாதகமில்லை. வளையங்கள் ஊசிபோல் நெருங்கியிருக்க வேண்டும், நிறம் பால்போல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் விற்பவர் விலை ஏற்றுவதற்குச் சொல்லும் காரணங்கள்.

உள்ளே ஒட்டும் தாங்குசட்டங்களுக்கும் அதே மும்மடிக் கணக்குதான். சட்டத்தின் உயரத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும்; அகலத்தைப் பாதியாக்கினால் பாதிதான் குறையும். அதனால்தான் எக்ஸ் வடிவில் குறுக்கிடும் இரண்டு முதன்மைச் சட்டங்களையும் குறுகலாகவும் உயரமாகவும் செய்கிறார்கள், 8 மி.மீ. அகலம், 16 மி.மீ. உயரம் என்பது நல்ல தொடக்கம். சட்டத்துக்கான ஸ்ப்ரூஸை ரம்பத்தால் அறுக்காமல் உளி வைத்துப் பிளந்தெடுங்கள். பிளந்த மரம் தன் நாரோடு போகும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நார் அறுபடாத சட்டம் கிடைக்கும். அறுத்த சட்டம் பார்வைக்கு நேராக இருக்கும், உள்ளே நார் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கையால் செய்த முதல் கிட்டார்கள் கெடுவது பெரும்பாலும் தடிமனால் அல்ல, ஈரத்தால். மரம் நார் ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை, குறுக்கேதான் சுருங்கும். மழைக்காலத்தில், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கும்போது தாங்குசட்டங்களை ஒட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிட்டார் பிறகு 45 சதவீதமுள்ள அறைக்குப் போனால், 400 மி.மீ. அகலமுள்ள மேற்பலகை ஏறத்தாழ 3 மி.மீ. சுருங்கப் பார்க்கும். குறுக்கே ஒட்டிய சட்டங்கள் சுருங்க விடாது. அப்புறம் பலகைக்கு இரண்டே வழி: நடுவில் குழிவது அல்லது விரிசல் விடுவது. மாறாக, வறண்ட நிலையில் ஒட்டிய கிட்டார் ஈரமான இடத்துக்குப் போனால் மேற்பலகை கொஞ்சம் உப்பும், தந்திகள் விரல்பலகையை விட்டுச் சற்று உயரும், அவ்வளவுதான்.

எனவே சட்டம் ஒட்டும் நாளில் அறையின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரப்பதமானி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். அறை முழுவதையும் உலர்த்த முடியாவிட்டால், மூடிய அலமாரி ஒன்றில் சூடு தரும் பழைய ரக பல்பு ஒன்றை எரியவிட்டு, பலகைகளையும் சட்டங்களையும் அதற்குள் வையுங்கள். பல்பு மரத்தைத் தொடாத தூரத்தில் இருக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். எடை குறைவது நின்று, நாலைந்து நாள் ஒரே எண்ணில் நின்றால் மரம் தயார். வெளியே எடுத்தால் அன்றைக்கே ஒட்டி முடித்துவிட வேண்டும். இரண்டு நாள் மேசையில் கிடந்தால் மறுபடி ஈரத்தைக் குடித்துவிடும்.

ஈட்டிக்கு வருகிறேன். அது அருமையான மரம், மறுக்கவில்லை. தட்டினால் வெண்கலம்போல் ஒலிக்கும். அதிர்வை விழுங்காமல் திருப்பித் தரும் குணம் அதற்கு உண்டு. ஆனால் கிட்டாரின் குரலில் அதன் பங்கு, அதற்குக் கொடுக்கும் விலைக்கு ஈடானதல்ல. இன்றைய கிளாசிக்கல் கிட்டாருக்கு வடிவம் கொடுத்த ஸ்பெயின்காரர் அந்தோனியோ டி டோரஸ், மேற்பலகைதான் எல்லாம் என்று காட்டுவதற்காகவே 1862-இல் பின்புறத்தையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையில் செய்து ஒரு கிட்டாரை உருவாக்கினார். 2018-இல் வெளிவந்த லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், பின்பலகை மரத்தைத் தவிர மற்றெல்லாம் ஒன்றுபோல் செய்த ஆறு கிட்டார்களை, எது எந்த மரம் என்று பார்க்க முடியாதபடி 52 கலைஞர்களிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்தான் போட்டார்கள்.

ஆகவே மலிவான மரத்தில் செய்யலாமா என்ற கேள்விக்கு என் பதில்: பாதி ஆம். நீங்கள் வாங்கிய ஸ்ப்ரூஸை இந்தக் கிட்டாருக்கே பயன்படுத்துங்கள். மட்டமான மேற்பலகையில் மூன்று மாதம் உழைத்துவிட்டு, வந்த ஒலியை வைத்து உங்கள் கையை நீங்களே எடைபோடுவது அநியாயம். ஈட்டியை மட்டும் தனியே எடுத்து, தட்டையாக அடுக்கி வையுங்கள். அது கெட்டுப்போகும் பொருளல்ல. பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் நேரான நார் கொண்ட, நன்றாக உலர்ந்த மகோகனியோ உள்ளூர்க் கடின மரமோ போதும்.

அதெல்லாம் வேண்டாம், ஈட்டியில்தான் செய்வேன் என்றால் தடுக்க மாட்டேன். உண்மையில் அது வளைப்பதற்கு இணக்கமான மரம். பக்கப் பலகையை 2 மி.மீ.க்குக் கொண்டுவந்து, நீர் தெளித்தால் சொட்டுகள் துள்ளி ஓடும் அளவுக்குச் சூடான குழாயின் மேல், முதலில் இடுப்பு வளைவிலிருந்து தொடங்குங்கள். அழுத்தாதீர்கள். பலகையைக் குழாயின் மேல் இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தால், ஒரு கணத்தில் எதிர்ப்பு விட்டுப்போய் மரம் கைக்கு இளகிக் கொடுப்பது தெரியும். வளைக்க வேண்டியது அப்போதுதான். அதற்கு முன்னால் பலம் காட்டினால் வெளிப்பக்க நார் சிராய் சிராயாகக் கிளம்பிவிடும். முதலில் துண்டு மரங்களில் பழகிக்கொள்ளுங்கள்.

ஈட்டியில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் பரப்பை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் பசை இடுங்கள். வஜ்ஜிரமோ மரவேலைக்கான மஞ்சள் பசையோ, எதுவானாலும் சரி. இதன் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் கொண்டுவரும்; உப்புத்தாள் போடும்போது முகமூடி கட்டாயம். முடிந்த கிட்டாரை வேறு நாட்டுக்கு விற்கவோ அனுப்பவோ எண்ணமிருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஈட்டியும் அதன் உறவு மரங்களும் 2017 முதல், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. 2019-இல் முழுமை பெற்ற இசைக்கருவிகளுக்குப் பெருமளவு விலக்கு கிடைத்தது. பலகையாக அனுப்ப விலக்கு இல்லை. பிரேசில் ஈட்டியின் கதை வேறு: 1992 முதலே அது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது.

கடைசியாக, தடிமன் சரிதானா என்று உறுதிசெய்யும் முறை. தந்தி பூட்டுவதற்கு முன், மேற்பலகையில் தந்திகளைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜின் மேல் ஒரு டிஜிட்டல் கோணமானியை வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சுருதி கூட்டி, இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளவெடுங்கள். கிட்டாரின் உடல் இரண்டு முறையும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். பிரிட்ஜ் முன்பக்கமாக 2 பாகை அளவுக்குச் சாய்ந்திருந்தால் நல்ல இடத்தில் நிற்கிறீர்கள். 1 பாகைகூடச் சாயவில்லை, ஒலியும் இறுக்கமாக இருக்கிறது என்றால், தந்திகளைத் தளர்த்தி, ஒலித்துளை வழியாகக் கையை விட்டு, எக்ஸ் சட்டங்களின் கீழ்முனைகளை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாக மெலியச் செய்யுங்கள்; ஒவ்வொரு முறையும் தந்தியை ஏற்றிக் கேளுங்கள். 3 பாகையைத் தாண்டிவிட்டால் உள்ளே எதையும் தொடாதீர்கள். இன்னும் மெல்லிய தந்தித் தொகுதிக்கு மாறிவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.