டிஸ்க் 2

வணக்கம் சார்,

பல வருடங்களாக உங்களை வாசிக்கிறேன். இது முதல் கடிதம். புதிதாக ஒரு கேம் கன்சோல் வாங்கப்போகிறேன். டிஸ்க் டிரைவ் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை இருக்கிறது. இல்லாததில் கேம்களை இணையத்திலிருந்து டவுன்லோடு செய்துதான் விளையாட வேண்டும். இதுவரை எல்லா கேம்களையும் கடைக்குப் போய் டிஸ்க்காகத்தான் வாங்கியிருக்கிறேன். பெட்டியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, கடைக்காரரிடம் நாலு வார்த்தை பேசினால்தான் வாங்கின மாதிரி இருக்கிறது. அக்கா மகன் "இன்னுமா மாமா டிஸ்க்கு?" என்று சிரிக்கிறான். அவன் அக்கவுன்டில் முன்னூறுக்கு மேல் கேம் இருக்கிறதாம், எல்லாம் தள்ளுபடியில் வாங்கியது. போன மாதம் நான் கடையில் வாங்கிய பெட்டியைத் திறந்தால் உள்ளே டிஸ்க்கே இல்லை, ஒரு சீட்டில் டவுன்லோடு செய்வதற்கான கோட் மட்டும் இருந்தது. அப்புறம் எதற்குக் கடை என்று எனக்கே தோன்றிவிட்டது. என்னுடையது வெறும் நாஸ்டால்ஜியாதானா? பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்கவாவது டிஜிட்டலுக்கு மாறுவதுதான் சரியா? பொருள்மேல் பற்று வைக்காதே என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

எந்த போன் வாங்கலாம், எந்த கன்சோல் வாங்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. அதற்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பழைய நண்பன் ஒருவன் போனில் கூப்பிட்டிருந்தான். அவன் பேசியதும் நீங்கள் கேட்டதும் ஒரே விஷயம். அதனால் எழுதுகிறேன். அவன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடுவோம். பிளாஸ்டிக்கைப் பற்றிய கவலை உண்மையானதென்றால் கன்சோலையே வாங்காமல் விடுங்கள். யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. பற்று பற்றி நான் எழுதியதை எனக்கு எதிராகவே எடுத்து வந்திருக்கிறீர்கள். நல்லது, ஆனால் பற்றை விடுவதற்கும் பொருள் முதலில் நம் கையில் இருக்க வேண்டுமே. கையில் இல்லாததைத் துறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்பவனை என்னவென்று சொல்வது? அப்புறம் அந்த நாஸ்டால்ஜியா. அடுத்தவன் உங்கள்மேல் எறிவதற்குள் அந்தக் கல்லை எடுத்து நீங்களே தலையில் போட்டுக்கொள்கிறீர்கள். பதினைந்து வயதுப் பையன் சிரித்தால் ஆடிப்போகும் அளவுக்கு உங்கள் ரசனை அவ்வளவு லேசானதா?

கடைக்காரரையும் புனிதராக்காதீர்கள். கீறல் விழுந்த டிஸ்க்கைப் புதுசு என்று என் தலையில் கட்டியவரும் ஒரு கடைக்காரர்தான். டவுன்லோடில் நன்மையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. 2016-ல் வந்த ஸ்டார்ட்யூ வேலியைச் செய்தவர் ஒரே ஒரு ஆள். படம், இசை, கதை எல்லாம் அவரே. கடை அலமாரி மட்டுமே வழியாக இருந்த காலத்தில் அந்த மாதிரி ஒருவரை யார் உள்ளே விட்டிருப்பார்கள்? இதை நான் மறுக்கவே இல்லை.

அதே சமயம், "டிஸ்க் என்றால் எனக்கே சொந்தம்" என்று மார்தட்டுகிறவர்களைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. 2014-ல் தி க்ரூ என்று ஒரு கார் பந்தய கேம் வந்தது. தனியாக ஓட்டினாலும் யூபிசாஃப்ட் கம்பெனியின் சர்வரோடு தொடர்பு இருந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். டவுன்லோடு செய்தவனுக்கும் போச்சு, டிஸ்க்கைப் பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்தவனுக்கும் போச்சு. அந்தக் கோபத்தில் தொடங்கியதுதான் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம். ஐரோப்பாவில் அவர்களுடைய மனுவில் 2025-ல் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. ஆகவே வட்டமாக மின்னுவதெல்லாம் சொத்து என்று நினைக்க வேண்டாம்.

அப்படியானால் என்னதான் சொல்ல வருகிறாய் என்று கேட்பீர்கள். சொந்தம் என்ற சொல்லே இங்கே நம்மைத் திசைதிருப்புகிறது. நான் பிடித்துக்கொண்டிருப்பது வேறொரு சொல்லை: இரவல்.

தமிழில் 'வாங்குவது' ஒரு நேர்மையான சொல். விலைக்கு வாங்குகிறோம், கடன் வாங்குகிறோம், இரவல் வாங்குகிறோம், திட்டும் வாங்குகிறோம். கையில் வந்தால் சரி, யாருடையது என்பதைப் பற்றி அந்தச் சொல் வாக்குக் கொடுப்பதில்லை. இணையக் கடையின் பட்டனில் இருக்கும் 'Buy' என்ற ஆங்கிலச் சொல் அப்படியில்லை, உனக்கே உனக்கு என்று சத்தியம் செய்கிறது. அந்தச் சத்தியம் பொய் என்பதால்தான் கலிஃபோர்னியாவில் சட்டமே போட்டார்கள். விற்பது வெறும் உரிமம் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு விற்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடை, பணம் கட்டும் இடத்தில் ஒரு வரியைச் சேர்த்தது: நீங்கள் பெறுவது உரிமம். உங்கள் அக்கா மகன் அந்த வரியைத் தாண்டித்தான் இத்தனை முறை பணம் கட்டியிருப்பான்.

அந்த உரிமத்தை யாருக்கும் கொடுக்க முடியாது. விற்க முடியாது, எழுதிவைக்க முடியாது, இரவல் தர முடியாது. பிரான்ஸில் ஒரு நுகர்வோர் அமைப்பு இதை எதிர்த்து ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனிமேல் வழக்குப் போட்டது. 2019-ல் பாரிஸ் நீதிமன்றம், வாங்கினவன் திருப்பி விற்கலாம் என்றது. 2022-ல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. இதோடு ஒப்பிட்டால் நூறு வருடத்துக்கு முந்தைய ஆட்கள் எவ்வளவோ தேவலை. அமெரிக்காவில் ஒரு பதிப்பாளர் தன் நாவலுக்குள், ஒரு டாலருக்குக் குறைத்து யாரும் விற்கக் கூடாது, விற்றால் பதிப்புரிமை மீறல் என்று அச்சடித்திருந்தார். ஒரு கடை 89 சென்ட்டுக்கு விற்றது. 1908-ல் உச்ச நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது. நீ விற்று முடித்த பிரதி உன் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். அங்கே பழைய புத்தகக் கடை, பழைய கேம் கடை எல்லாம் அந்த நியாயத்தின் மேல்தான் நின்றன.

இப்போது நண்பன்.

எங்கள் இருவரிடமும் ஃபைனல் ஃபேன்டசி 9 என்ற கேம் இருந்தது. 2000-ல் வந்தது, நான்கு சிடி. பழைய பிளேஸ்டேஷன் சிடிக்களின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? என் கன்சோலில் லென்ஸ் நகரும் பாதை தேய்ந்து டிஸ்க் திக்கித் திணறும். அதனால் கன்சோலையே தலைகீழாகக் கவிழ்த்து வைத்து விளையாடுவோம். உலகம் முழுக்க அப்படித்தான் செய்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது, நாங்கள் கண்டுபிடித்த வித்தை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவனுடைய இரண்டாவது சிடியைத் தங்கை தரையில் பம்பரமாகச் சுற்றி விளையாடிவிட்டாள். நான் அப்போது முதல் சிடியில் இருந்தேன். "ரெண்டே நாள்டா" என்று சொல்லி என் இரண்டாவது சிடியை வாங்கிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் இரவு நான் முதல் சிடியை முடித்தேன். இரண்டாவது டிஸ்க்கைப் போடச் சொல்லித் திரை நின்றுவிட்டது. பெட்டியைத் திறந்தால் 1, 3, 4. நடுவில் ஒரு பள்ளம். கவிழ்ந்து கிடந்த கன்சோலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் அதைப் பெரியப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டான். என்னைக் கேட்காமல். பெரிய சண்டை. ஒரு வருடம் பேசவில்லை. பிறகு வேறு ஒன்றும் சொல்லத் தோன்றாமல் ஒருநாள் போன் செய்து, "என் டிஸ்க் 2 எங்கடா?" என்றேன். சிரித்துவிட்டான். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒருமுறையாவது அந்தப் போன் போகும். அவனுக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, அவன் அப்பா படுத்த படுக்கையானது, எல்லாமே எனக்கு "டிஸ்க் எங்கடா" என்ற கேள்விக்குப் பின்னால் வந்த பதில்களாகத்தான் தெரியும். பள்ளித் தோழர்கள் மற்ற எல்லோரும் எங்கே போனார்கள் என்றே தெரியாது. இவன் மட்டும் போகவில்லை, எனக்கு ஒரு டிஸ்க் தர வேண்டியிருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2013-ஐப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிவித்தது. டிஸ்க் இருந்தாலும் கன்சோல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும். கேமை நண்பனுக்குக் கொடுக்கலாம், ஆனால் அவன் உங்கள் நண்பர் பட்டியலில் குறைந்தது 30 நாள் இருந்திருக்க வேண்டும், ஒரு கேமை ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம். நட்புக்கு 30 நாள் கெடு வைத்து நிபந்தனை எழுதிய அந்த மனிதர் யாருக்காவது எதையாவது இரவல் கொடுத்திருப்பாரா? ஊரே கொதித்தது, அதே வருடம் ஜூனில் பின்வாங்கினார்கள். அதற்குள் பிளேஸ்டேஷன் கம்பெனியான சோனி ஒரு வீடியோ விட்டிருந்தது. பிளேஸ்டேஷன் 4 (பி.எஸ்.4) கேமை நண்பனோடு பகிர்வது எப்படி? ஒருவர் பெட்டியை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். அரை நிமிடம்கூட இல்லை, அவ்வளவுதான் வீடியோ. கைதட்டி மாளவில்லை. கைதட்டினவர்களில் நானும் ஒருவன். அதே சோனி 2024-ல் பி.எஸ்.5 புரோவை டிஸ்க் டிரைவ் இல்லாமல் விற்றது. வேண்டுமென்றால் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். நீட்டுவதற்கும் வாங்குவதற்கும் இப்போது தனிக் காசு.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை நமக்குத் தெரியும். இங்கே கூத்து என்னவென்றால், எறியச் சொல்கிறவரே இரவலும் தருகிறவர், ஆனால் அதை இரவல் என்று சொல்லமாட்டார்.

பி.டி. என்று ஒரு பேய்க் கேம். 2014 ஆகஸ்டில் பி.எஸ்.4 ஸ்டோரில் இலவசமாக வந்தது. 2015-ல் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே டவுன்லோடு செய்து வைத்திருந்தவர்கள் அதை இன்னொருவருக்குக் கொடுக்க ஒரே வழிதான் இருந்தது, கன்சோலையே கொடுப்பது. அப்படியே விற்கவும் செய்தார்கள். ஒரு பழத்தைக் கொடுக்க மரத்தைப் பெயர்த்துக் கொடுத்தது மாதிரி.

நீங்கள் சொன்ன கோட் சீட்டுக்கு இதனால்தான் எனக்கு இத்தனை ஆத்திரம். 2025-ல் நின்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் 2 கன்சோலோடு கேம்-கீ கார்டு என்று ஒன்று வந்தது. கார்டுக்குள் கேம் இருக்காது, செருகினால் டவுன்லோடு ஆகும். விளையாடும்போதெல்லாம் கார்டும் உள்ளே இருக்க வேண்டும். பலரும் அதைத் திட்டித் தீர்த்தார்கள். சர்வர் மூடினால் அதுவும் கோவிந்தாதான், மறுக்கவில்லை. ஆனாலும் அதைப் பிடுங்கி நண்பன் கையில் கொடுக்கலாம், அவன் விளையாடலாம், திருப்பித் தராமல் ஏமாற்றலாம். சீட்டில் இருக்கும் கோட் ஒரு தடவை அடித்தவுடன் செத்துவிடுகிறது. பெட்டிக்குள் டிஸ்க்குக்கான பள்ளத்தை மட்டும் விட்டுவைத்து அதில் காகிதத்தைத் திணித்து விற்கிறவர்களை நீங்கள் கேள்வி கேட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு "அப்புறம் எதற்குக் கடை" என்று கடைக்காரர்மேல் பாய்கிறீர்கள்.

உங்கள் அக்கா மகனிடம் முன்னூறு கேம் இருக்கிறது என்கிறீர்கள். அதில் ஒன்றே ஒன்றை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள் பார்ப்போம். ஸ்டீமில் குடும்பப் பகிர்வு இருக்கிறதே என்பான். இருக்கிறது, ஒரே வீட்டில் ஆறு பேர் வரைக்கும். வீட்டுக்குள்ளேயே கைமாற்றிக்கொள்வதற்கு இரவல் என்றா பெயர்? ஆனால் அவனோடு வாதம் செய்யாதீர்கள், நீங்கள் தோற்பீர்கள். அவன் விலையைச் சொல்வான், தள்ளுபடியைச் சொல்வான், எல்லாம் உண்மை. உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு டிஸ்க்கை அவனிடம் கொடுங்கள். எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்காதீர்கள். அவன் மறந்துபோவான். சில மாதம் கழித்து நீங்களாகப் போன் செய்து கேளுங்கள், கொஞ்சம் அதட்டியே கேளுங்கள்.

ஆமாம், கன்சோல். டிரைவ் உள்ளதையே வாங்குங்கள். இதைக்கூடவா என்னிடம் கேட்க வேண்டும்?

ஒரு விஷயத்தை மறைத்தால் நான் யோக்கியன் இல்லை. அந்த ஃபைனல் ஃபேன்டசியைச் சில வருடங்களுக்கு முன் டிஜிட்டலில் திரும்ப வாங்கினேன். எனக்கு வந்ததும் உரிமம்தான். எந்த டிஸ்க்கையும் மாற்றச் சொல்லாமல் ஓடியது. ஒரு விடுமுறையில் உட்கார்ந்து முடித்தேன். அழகான முடிவு. அவனிடம் இதுவரை சொல்லவில்லை.

அன்று காலை அவன் பேசியது இதுதான். வீடு மாற்றுகிறானாம். பெரியப்பா மகன் எப்போதோ திருப்பிக் கொடுத்து, பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்திருக்கிறது.

"கெடைச்சிருச்சுடா. கறுப்பா அப்படியே இருக்கு. கூரியர்ல அனுப்பவா?"

"வேண்டாம், நேர்ல வர்றேன்" என்றேன்.

"எப்போ?" என்றான்.

இன்னும் நாள் சொல்லவில்லை.